கையில் பைல் இல்லாமல் கொழும்பு

முதல் நாள், சனி

விடிய ஐந்தேகாலுக்கு பஸ் எங்களை வெள்ளவத்தையில் இறக்கிவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். இந்தத் தூரத்தை இருட்டிலேயே எத்தனை தடவை கடந்திருப்பேன் என்று பஸ்ஸுக்குள் விரல் மடக்கிப் பார்த்தேன். பாஸ்போட் எடுக்க இரண்டு தடவை. அண்ணாவை விமானம் ஏற்ற ஒரு தடவை. அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்கு மூன்று தடவை. ஒரு தூதரகத்தில் நேர்முகத்துக்கு ஒரு தடவை, பிறகு அவர்கள் ‘இல்லை’ என்று எழுதிய கடிதத்தை வாங்க இன்னொரு தடவை. எப்போதும் மடியில் ஒரு பைல் இருக்கும். அதற்குள் பிறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பின் போட்டோக் கொப்பி. லொட்ஜில் குளித்து, வரிசையில் நின்று, மத்தியானம் எங்கேயாவது சோறு தின்று, இரவு பஸ்ஸில் திரும்பிவிடுவேன். நாற்பது வயது நெருங்குகிறது, கொழும்பில் நான் ஒழுங்காகப் பார்த்தது எனக்கு முன்னால் நின்றவரின் முதுகை மட்டும்தான்.

இந்தத் தடவை பைல் இல்லை. பள்ளிக்கூட விடுமுறை. கூட வந்தவர் சித்தப்பா. வயது 77. 1970இலிருந்து 1983 வரை கோட்டையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். அதற்குப் பிறகு அவர் கொழும்புக்கு வந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் விமான நிலையத்துக்கும்தான்.

“நாலு நாள் சும்மா சுத்திப் பார்க்கப் போறன், வாறீங்களோ சித்தப்பா?” என்று கேட்டபோது, “சும்மாவோ? சும்மா ஆர் கொழும்புக்குப் போறது?” என்றார். அன்று பின்னேரமே போன் எடுத்து, நாலு சேட்டும் அயன் பண்ணிவிட்டேன் என்று சொன்னார்.

லொட்ஜ் முதலாளியும் ஏறக்குறைய அதையேதான் கேட்டார். “என்ன அலுவலாய் வந்தனீங்கள்?” கொப்பியில் அதற்கென்று ஒரு பத்தி வைத்திருக்கிறார். சும்மா என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கடைசியில் ‘வைத்தியம்’ என்று எழுதினார். சித்தப்பாவின் வயதைப் பார்த்துக் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

நித்திரை கொண்டு எழும்பி, பின்னேரம் 100ஆம் நம்பர் பஸ்ஸில் காலிமுகத் திடல். காலி வீதியில் நேரே போகும் பஸ் என்பதால் வழி பிழைக்கச் சந்தர்ப்பமே இல்லை. காலி நகரத்தின் பக்கம் முகம் காட்டும் திடல் என்பது கருத்து. ஆனால் தமிழில் படிக்கும்போது ‘வெறும் முகத் திடல்’ என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். தமிழ் படிப்பிக்கிறவளுக்கு இந்த வருத்தம் இருக்கத்தான் செய்யும்.

திடலில் ஒரு கல் இருக்கிறது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்தார் என்றும், கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இதைத் தமக்குப் பின் வருகிறவர்களிடம் ஒப்படைக்கிறார் என்றும் அதில் எழுதியிருக்கிறது. பெண்ணாகப் பிறந்த உரிமையோடு புல்லில் காலை நீட்டி உட்கார்ந்தேன். புல் பெரிதாக இல்லை, மண்தான். பட்டம் விடுகிறவர்கள், குடைக்குள் ஒளிந்திருக்கும் காதலர்கள், அன்னாசிக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுக்கிற பெடியன், இறால் வடை வண்டிகள். தட்டை வடையின் மேல் முழு இறால் தலையோடு பதிந்து கிடக்கும். ஊரில் இப்படி வடை சுட்டால் ஆச்சி அடுப்பை அணைத்துவிடுவார். மூன்று சாப்பிட்டேன்.

சித்தப்பா வடையைக் கையில் வைத்துக்கொண்டு வடக்குப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பிள்ளை, இஞ்சை கடல் இருந்தது.”

தூண்கள் வரிசையாக நிற்கும் பழைய பாராளுமன்றத்தைக் காட்டினார். 1930இல் திறந்தது. இப்போது ஜனாதிபதி செயலகம். அவர் வேலை பார்த்த காலத்தில் அதற்கு நேர் முன்னால் அலை அடிக்கும். இப்போது அந்த இடத்தில் துறைமுக நகரம், 269 ஹெக்டேயர், எல்லாம் கடலை நிரப்பி எடுத்த மண். வேலை மாறினால், வீடு மாறினால் தேடிப் பிடிக்கலாம். கடல் இடம் மாறினால் என்ன செய்வது என்று அவர் நிற்பதைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

இந்தத் திடலுக்கு ஒரு வழக்கம் உண்டு. நாட்டில் எதையாவது கேட்க வேண்டுமென்றால் ஆட்கள் இங்கேதான் வந்து உட்காருவார்கள். 2022 ஏப்ரல் 9 தொடக்கம், ஜனாதிபதி கோட்டாபயவை வீட்டுக்குப் போகச் சொல்லி, இளைஞர்கள் கூடாரம் அடித்து ‘கோட்டா கோ கம’ என்று ஒரு கிராமத்தையே கட்டினார்கள். அது எல்லாருக்கும் தெரியும். 1956 ஜூன் 5ஆம் திகதி, தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகத் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்து அடி வாங்கியதும் இதே இடம். அதற்கு ஒரு கல்லும் இல்லை. சித்தப்பாவுக்கு அப்போது எட்டு வயது. அவருடைய அப்பா பேப்பரைப் படித்துவிட்டு அன்று மத்தியானம் சாப்பிடாமல் இருந்தது மட்டும் ஞாபகம் என்றார்.

பொழுது பட்டது. கொடிக்கம்பத்துப் பக்கம் ஒரு குழந்தை பலூனுக்கு அழுதது. பஸ் எடுத்து வந்துவிட்டோம்.

இரண்டாம் நாள், ஞாயிறு

கோட்டை என்று பெயர், கோட்டை இல்லை. வெளியூர்க்காரர் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். போர்த்துக்கேயர் 1505இல் வந்தார்கள், பிறகு கோட்டை கட்டினார்கள். 1656இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1796இல் ஆங்கிலேயர். ஊரைப் பெருப்பிக்கச் சுவர் இடைஞ்சல் என்று 1870ஐ ஒட்டி ஆங்கிலேயரே இடித்துப் போட்டார்கள். மிச்சம் இருப்பதில் ஒன்று டெல்ஃப்ட் வாசல். இப்போது அது ஒரு வங்கிக் கட்டடத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. டெல்ஃப்ட் என்பது நம் நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர். அவர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களை மூட்டையில் கட்டிக்கொண்டு வந்து போகும் வழியெல்லாம் இறைத்திருக்கிறார்கள்.

குழப்பம் இத்தோடு முடியவில்லை. பாடப்புத்தகத்தின்படி நாட்டின் தலைநகரம் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே. 1982இல் பாராளுமன்றம் தியவன்னா ஓயாவில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய கட்டடத்துக்குப் போனதோடு வந்த மாற்றம். அந்தக் கோட்டேயையும் நாங்கள் தமிழில் பல இடங்களில் ‘கோட்டை’ என்றுதான் எழுதுகிறோம். போர்த்துக்கேயர் வந்தபோது அரசன் இருந்தது அந்தக் கோட்டையில். அவர்கள் கட்டியது இந்தக் கோட்டை. பரீட்சையில் பிள்ளைகள் தலைநகரம் கொழும்பு என்று எழுதினால் என் பேனா கொஞ்சம் தயங்கித்தான் பிழை போடுகிறது.

ஞாயிறு காலையில் கோட்டைத் தெருக்களில் ஆளில்லை. அதுதான் பார்க்க நல்ல நேரம். செங்கல் நிறத்தில் கார்கில்ஸ் கட்டடம், தாழ்வாரத்து வளைவுகள், எல்லாவற்றுக்கும் நடுவில் வெள்ளை நிற மணிக்கூட்டுக் கோபுரம். இந்தக் கோபுரத்தின் கதை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. படம் கீறியவர் ஆளுநர் வார்டின் மனைவி. 1857இல் கட்டி முடித்தார்கள். மணிக்கூட்டுக்கு 1814இலேயே சொல்லியாகிவிட்டது. செலவு கூடிவிடும் என்று அதைக் களஞ்சியத்தில் போட்டு வைத்துவிட்டார்கள். 43 வருஷம்! இந்த ஊரில் வரிசையில் நிற்பதை நேரம் காட்டுகிற மணிக்கூடே தொடங்கி வைத்திருக்கிறது. 1867இல் உச்சியில் விளக்கு ஏற்றி வெளிச்சவீடாகவும் ஆக்கினார்கள். ஊருக்கு நடுவில் வெளிச்சவீடு, 29 மீற்றர் உயரம். சுற்றிவரக் கட்டடங்கள் வளர்ந்து வெளிச்சத்தை மறைத்தன. 1952இல் விளக்கை நிறுத்திவிட்டார்கள்.

“நான் இதைப் பார்த்துத்தான் கந்தோருக்கு ஓடுறது. எட்டரைக்குச் சிவப்புக் கோடு கீறிப்போடுவாங்கள்,” என்றார் சித்தப்பா. வரவுக் கொப்பியில் எட்டரைக்குக் கீழே கையெழுத்து விழுந்தால் பிந்தியவர் என்று அர்த்தம். பதின்மூன்று வருஷத்தில் மூன்று தடவைதான் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தேன் என்று இன்றைக்கும் கணக்கு வைத்திருக்கிறார்.

ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி அங்கிருந்து எட்டி நடக்கிற தூரம். 1681இலேயே இருந்த கட்டடம். ஒல்லாந்தரின் வியாபாரக் கொம்பனியின் மாலுமிகளுக்கு வைத்தியம் பார்க்கத் துறைமுகத்துக்குக் கிட்டக் கட்டினார்கள். சுவர் அரை முழத்துக்கு மேல் தடிப்பு, நடுவில் முற்றங்கள், ஓட்டுக் கூரை. 2011இல் திருத்திச் சாப்பாட்டுக் கடைகளும் உடுப்புக் கடைகளுமாகத் திறந்தார்கள். பின்னால் இரட்டைக் கோபுரம் கண்ணாடியாக நிற்கிறது. முற்றத்தில் உட்கார்ந்து ஒரு கோப்பி குடிக்கலாம் என்று விலைப்பட்டியலை எடுத்தேன். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுப் படித்தார், கழற்றினார், எழும்பினார். புறக்கோட்டையில் பிளேன்டீ குடித்தோம்.

புறக்கோட்டை என்று நாங்கள் சொல்வது சிங்களத்துப் ‘பிட்ட கொட்டுவ’வின் நேர்த் தமிழ். ஆங்கிலத்தில் அதற்கு ‘பெட்டா’. அது எங்கள் ‘பேட்டை’. வெள்ளைக்காரன் வாயில் தமிழ்ச் சொல் இருக்கிறது, தமிழன் வாயில் சிங்களத்தின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. பிளேன்டீ குடித்தபடி இதைச் சித்தப்பாவுக்கு விளக்கினேன். “விடுமுறையிலையும் வகுப்போ?” என்றார்.

ஞாயிறு என்பதால் பெருந்தெருவில் பாதிக் கடைகள் பூட்டு. நடைபாதைக்காரருக்குப் பூட்டு என்ன, சாவி என்ன. பெட்சீற், செருப்பு, போன் கவர், பிளாஸ்டிக் வாளி, எல்லாம் மூன்று மொழியில் கூவி விற்கப்படுகின்றன. சாமான் விற்கும்போது ஒருவருக்கும் இலக்கணம் பிழைப்பதில்லை. குறுக்குத் தெரு ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில். நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயம் என்ன விலை போகிறது என்று கேட்டுத்தான் யாழ்ப்பாணத்தில் கடைக்காரர் விலை சொல்லுவார்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளிவாசல், ஜாமிஉல் அல்பார். சிவப்பும் வெள்ளையும் வரி வரியாக, சுருளிச் சுருளித் தூண்களாக, தொதல் கடைக்காரன் கட்டியதோ என்று நினைக்க வைக்கும். இந்திய முஸ்லிம் வியாபாரிகளுக்காக 1909இல் கட்டி முடித்தது. படம் எடுக்கத் தெருவில் பின்னுக்குப் பின்னுக்குப் போக வேண்டும். போனால் மூட்டைகள் ஏற்றிய சுமைகூலி நாட்டாமைமாரின் வண்டி முதுகில் இடிக்கும். இடித்தது.

வெளிநாட்டுக்காரர் கண்ணில் படாத ஒன்று, சின்னதாக நிற்கும் கேமன் வாசல் மணிக்கூண்டு. ‘கைமான்’ என்றால் ஒல்லாந்த மொழியில் முதலை. கோட்டையைச் சுற்றிய அகழியிலும் பேரை வாவியிலும் முதலைகள் இருந்தனவாம். வாவிக்கு அந்தப் பக்கம் அடிமைகளை அடைத்து வைத்தார்கள், இரவில் நீந்தித் தப்பாமல் முதலைகள் பார்த்துக்கொண்டன. ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு நெடுங்காலம் ‘அடிமைத் தீவு’ என்றே பெயர். தமிழில் கொம்பனித்தெரு. ஏதோ கந்தோர்த் தெரு மாதிரிச் சாதுவான பெயர். எந்தப் பெயர் உண்மை சொல்கிறது என்று கேட்டால் நான் ஆங்கிலத்தின் பக்கம்தான் நிற்பேன்.

கால் வீங்கிவிட்டது. இன்றைக்கு இவ்வளவும் போதும்.

மூன்றாம் நாள், திங்கள்

நூதனசாலைக்கு மட்டும் அரை நாள் போனது. இன்னும் அரை நாள் இருந்திருக்கலாம்.

1877 ஜனவரி 1இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் திறந்த வெள்ளைக் கட்டடம். முன்னால் விழுது விட்ட ஆலமரம். கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார் என்ற சோனகர், அதாவது முஸ்லிம். என்ன பரிசு வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் பூட்ட வேண்டும் என்று கேட்டாராம் என ஒரு கதை. காசு கேட்காமல் ஒரு நாள் லீவு கேட்ட மனிதர் என்று சித்தப்பாவுக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது.

உள்ளே கண்டி அரசரின் சிம்மாசனம். சிவப்புப் பட்டு, தங்கத் தகடு. 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது. 1815இல் கண்டி விழுந்தபோது ஆங்கிலேயர் கொண்டுபோய், 1934இல்தான் திருப்பித் தந்தார்கள். கடைசியாக அதில் இருந்தவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நாயக்கர் வம்சம், இயற்பெயர் கண்ணுசாமி. வேலூரில் சிறையிருந்து 1832இல் செத்துப்போனான். சிம்மாசனம் திரும்பி வந்தது, ராசா வரவில்லை. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள், “இவ்வளவு சின்னக் கதிரையா?” என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டார்கள். எனக்கும் அதே எண்ணம்தான்.

பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் கிடைத்த வெண்கலச் சிலைகள் இருக்கும் இடத்தில் நான் கொஞ்சம் அசந்துதான் போனேன். நடராசர். சுந்தரமூர்த்தி நாயனார், மாப்பிள்ளைக் கோலத்தில், இடுப்பை லேசாக ஒசித்துக்கொண்டு. எத்தனை வருஷம் வகுப்பில் ‘பித்தா பிறைசூடி’ சொல்லிக்கொடுத்திருக்கிறேன், பாடியவரின் முகத்தை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் தேடி வந்தது வேறு ஒன்று. மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்து காலியில் நட்ட கல். அதில் பொறித்த ஆண்டு 1409. வலப் பக்கம் சீனம், இடப் பக்கம் மேலே தமிழ், கீழே பாரசீகம், உச்சியில் இரண்டு யாளி மாதிரி நாகங்கள் முகம் பார்த்து நிற்கின்றன. சீன எழுத்து புத்தருக்கு நன்றி சொல்கிறது. தமிழ் எழுத்து தெய்வேந்திரமுனையில் இருந்த தெனவரை நாயனாருக்கு, அதாவது விஷ்ணுவுக்கு. பாரசீகம் அல்லாவுக்கு. மூன்று பேருக்கும் காணிக்கை ஒன்றேதான், பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, எண்ணெய் என்று பட்டியல் போகிறது. ஒருவருக்குக் கூட்டி ஒருவருக்குக் குறைக்கவில்லை. கப்பல்காரன் கெட்டிக்காரன், எந்தச் சாமியையும் பகைக்கவில்லை.

1911இல் இந்தக் கல்லைக் கண்டெடுத்தபோது காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. குப்புறக் கிடந்ததால் எழுத்து தப்பியதோ, கிடந்ததால் தேய்ந்ததோ, தமிழ்ப் பகுதியில் முழு வரி ஒன்றையும் என்னால் வாசிக்க முடியவில்லை. ஒரு ‘ன’, ஒரு ‘க’, கொம்பு மாதிரி ஒன்று. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று விரலைக் காற்றில் அசைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். காவலர் வந்து, தொடக் கூடாது என்று கையைக் காட்டினார். தொடவில்லை, படிக்கிறேன் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. சித்தப்பா சிங்களத்தில் ஏதோ சொல்ல, மனிதர் சிரித்துக்கொண்டு, இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கச் சொன்னார். “என்ன சொன்னீங்கள்?” என்று பிறகு கேட்டேன். “ரீச்சர், எழுத்துப் பிழை பார்க்கிறா எண்டன்.”

எழுத்துப் பிழை என்றதும் சொல்ல வேண்டும். 1409இல் சீனாவிலிருந்து கல்லில் தமிழ் வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். இன்றைக்கு நாங்கள் போன ஓர் இடத்தில் (எந்த இடம் என்று சொல்ல மாட்டேன்) ‘கழிப்பறை’ என்பது ‘கழிப்பாறை’ ஆகியிருந்தது. ஒரு வரி தள்ளி ‘தயவுசெய்து’ என்பது ‘தயவுசெத்து’. படம் எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த தவணை வகுப்பில் உதவும்.

சுதந்திர சதுக்கம் நூதனசாலையிலிருந்து ஓட்டோவில் ஐந்து நிமிஷம். 1948 சுதந்திரத்தின் நினைவாகக் கண்டி மகுல் மடுவ மண்டபத்தின் சாயலில் கட்டியது. “மரத்திலை செதுக்கினதைச் சீமெந்திலை வார்த்து வைச்சிருக்கிறாங்கள்” என்றார் சித்தப்பா. காற்று நன்றாக வருகிறது, படிகளில் காதலர்களும் படிக்கிற பிள்ளைகளும். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

கங்காராமை விகாரையில் பழைய கார், யானைத் தந்தம், மணிக்கூடு, புத்தர் சிலை என்று பரணை அப்படியே இறக்கி வைத்த மாதிரிச் சாமான்கள். எனக்கு மூச்சு முட்டியது. ஆனால் அதன் பங்கான சீமா மாலகை வாவியின் நடுவில் மர மண்டபமாக அமைதியாக நிற்கிறது. அதுவும் பாவாவின் கைவண்ணம், 1970களில். முன்பிருந்தது தண்ணீருக்குள் தாழ்ந்துபோகப் புதிதாகக் கட்டக் காசு கொடுத்தது மகனை இழந்த ஒரு முஸ்லிம் குடும்பம். மகனின் நினைவுக்குப் பௌத்த விகாரை. இதை வாசலில் பெரிய எழுத்தில் போட்டால் நாட்டுக்கு நல்லது. பேரை வாவியில் பெலிக்கன்கள். மூக்கைக் கொஞ்சம் பொத்திக்கொண்டால் அழகான இடம்.

இரவில் தாமரைக் கோபுரம். 350 மீற்றருக்கு மேல் உயரம், 2022 செப்டெம்பரில் சனங்களுக்குத் திறந்தது. லிப்ட் காதை அடைக்கிறது. மேலே எல்லாரும் தங்கள் வீட்டைத் தேடுகிறார்கள். சித்தப்பா மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தேடினார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கடலுக்குள் கப்பலுக்கே வழி காட்டிய விளக்கு, கட்டடக் காட்டுக்குள் கடைசிவரை அகப்படவில்லை.

நாலாம் நாள், செவ்வாய்

செவ்வாய்க்கிழமையைக் கடைசி நாளாக வைத்தது கொச்சிக்கடை அந்தோனியாருக்காக. அது அவருடைய நாள். அதற்கு முன்னால் செட்டியார் தெருவில் இறங்கினோம். இரண்டு பக்கமும் நகைக்கடை, கண்ணாடிக்குப் பின்னால் தாலிக்கொடிகள். நடுவில் பழைய கதிரேசன், புதிய கதிரேசன் என்று இரண்டு முருகன் கோயில்கள். ஆடிவேல் தேர் இங்கிருந்துதான் பம்பலப்பிட்டிக்குப் புறப்படும். இன்றைய பவுண் விலையைக் கேட்டுவிட்டு முருகனிடம் போனால் வேண்டுதல் தானாக வருகிறது.

அங்கிருந்து பொன்னம்பலவாணேசர் கோயில். பொன்னம்பல முதலியார் 1857இல் கட்டியதை அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடங்கி 1912 வரை கருங்கல்லிலேயே திருப்பிக் கட்டினார். நான் படித்தது மருதனார்மடம் இராமநாதன் கல்லூரி. 1913இல் அவர் தொடங்கியது. பள்ளிக்கூட மண்டபத்தில் தலைப்பாகையோடு முறைத்துப் பார்க்கும் அந்தப் படத்துக்குப் பயந்துதான் ஆறாம் வகுப்பு முழுவதும் ஓடியிருக்கிறேன். அந்த மனிதருக்கு இப்படி ஒரு குளிர்ச்சியான மனசு இருந்திருக்கிறது. வெளியே லொறிகளின் சத்தமும் மீன் வாசமும். வாசற்படி தாண்டினால் இருட்டு, கற்பூரம், காலுக்கடியில் ஈரக் கல். தூண்களில் ஒரு சுண்ணாம்புப் பூச்சும் இல்லை. புதுக் கோயில்களில் பெயின்ற் அடித்து அடித்துச் சாமியின் மூக்கையே மறைத்துவிடுகிற எங்கள் ஊர் ஆட்களை இங்கே ஒரு சுற்றுலா கூட்டிவர வேண்டும்.

சித்தப்பா சேட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தூணில் சாய்ந்தார். “ஒவ்வொரு வெள்ளியும் கந்தோர் விட்டு இஞ்சை வாறது” என்றார். அரை மணித்தியாலம் எழும்பவில்லை. நானும் எழுப்பவில்லை.

அந்தோனியார் கோயில் நடந்து போகிற தூரம்தான். வாசலில் பையைச் சோதிக்கிறார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, இங்கே குண்டு வெடித்தது. அன்று நாடு முழுவதும் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜூன் 12இல் கோயிலைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த நினைவிடத்தில் நிறையத் தமிழ்ப் பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று தடவை வந்தால் அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை.

உள்ளே செவ்வாய்க் கூட்டம். பொட்டு வைத்தவர்கள், முக்காடு போட்டவர்கள், வெள்ளைச் சேலை உடுத்திய சிங்கள அம்மாமார், எல்லாரும் அந்தோனியாரின் சிலையைத் தொட ஒரே வரிசையில். நானும் நின்றேன். கொழும்பில் நான் நின்ற வரிசைகளில் ஒருவரும் என்னிடம் ஒரு கடதாசியும் கேட்காத வரிசை இது ஒன்றுதான். எனக்கு முன்னால் நின்ற பெண் தன் மெழுகுதிரிக் கட்டிலிருந்து இரண்டை உருவித் தந்தார். கேட்கவில்லை, தானாகத் தந்தார். என்ன மொழிக்காரர் என்று தெரியாது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம்.

வெள்ளவத்தைக்குத் திரும்பும் வழியில், பம்பலப்பிட்டி தாண்டும்போது சித்தப்பா ஓட்டோக்காரரின் தோளைத் தட்டினார். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கை. கிளாக்கர்மார் ஐந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த வீடு அங்கே இருந்ததாம். ஒருவர் சமையல், ஒருவர் சந்தை, மாதக் கடைசியில் எல்லாரும் பாணும் சம்பலும். 1983 ஜூலைக் கடைசியில் உடுத்த உடுப்போடு ஓடி, அகதி முகாமில் கிடந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தவர். அதைப்பற்றி எங்களுக்கு அவர் சொன்னது எப்போதும் இந்த ஒரு வசனம்தான். இன்றைக்கும் கூடுதலாக ஒன்றும் சொல்லவில்லை.

வீடு இல்லை. ஒன்பது மாடித் தொடர்மாடி நிற்கிறது. மதிலோரத்தில் ஒரு வேப்பமரம். அது பழையதா என்று கேட்டேன். “தெரியேல்லை பிள்ளை, அப்ப மரத்தை ஆர் பார்த்தது” என்றார். படலைக்கு முன்னால் நின்று ஒவ்வொரு மாடியாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். காவலாளிப் பெடியன் கூண்டிலிருந்து எழும்பி வந்தான். கையில் ஒரு கொப்பி, அதில் பெயர், அடையாள அட்டை இலக்கம், வந்த காரணம் என்று பத்திகள்.

“கவ்த ஓனே, மாத்தயா?” யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான்.

“கவுருத் நே மல்லி,” என்றார் சித்தப்பா. “நிகங் பலன்ன ஆவே.” ஒருவரையும் இல்லை தம்பி, சும்மா பார்க்க வந்தேன்.

பெடியன் கொப்பியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். உள்ளே வந்து நிழலில் நின்று பார்க்கும்படி படலையைத் திறந்துவிட்டான்.

பஸ் இரவு எட்டரைக்கு. எட்டே காலுக்கே போய் நிற்க வேண்டும் என்று சித்தப்பா ஏழு மணியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். சிவப்புக் கோடு விழுந்துவிடுமாம்.